அடுத்தவர் அமர்வதற்கு முன்

ஒரகடத்திலிருந்தும் வல்லம் வடகாலிலிருந்தும் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, இந்த வட்டாரத்தில் பல் மருத்துவம் பார்க்கும் டாக்டர்களே, அவர்களோடு நாள் முழுக்கக் கால்கடுக்க நின்று வேலை செய்யும் உதவியாளர்களே, பல் மருத்துவமனையில் நோயாளியின் பாதுகாப்பு என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சிறிய விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். பல்வலி யாரையும் கொல்வதில்லை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நம் மாநிலத்திலேயே, இங்கிருந்து மேற்கே பெங்களூர் சாலையைப் பிடித்தால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரில், பல்லுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர்கள் எட்டுப் பேர் இறந்திருக்கிறார்கள். அந்த எட்டு மரணங்களிலிருந்துதான் என் பேச்சைத் தொடங்க வேண்டும்.

ஊர் வாணியம்பாடி. திருப்பத்தூர் மாவட்டம். 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே, வட தமிழ்நாட்டில் ஒரே வகையான மூளைத்தொற்றோடு 21 பேர் கண்டறியப்பட்டார்கள். காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகத்தில் ஒரு பக்கம் வாதம், சிலருக்கு முகத்தில் சீழ்க்கட்டி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து இதன் வேரைத் தேடின. அந்த 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் என்பது தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். மற்ற பதினொரு பேரில் இறந்தவர் ஒருவர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிருமி ஒன்றுதான். ஆனால் வாய்க்குள் இருந்த புண் வழியாக நேரே நுழைந்தபோது அது நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறியது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் இந்த ஆய்வு முழுமையாக வெளிவந்தது.

அந்த மருத்துவமனையில் அப்படி என்னதான் நடந்தது? பெரிய அறுவை சிகிச்சை தவறிப்போனதா? இல்லை. மருந்து மாறிப்போனதா? இல்லை. வாயைக் கழுவப் பயன்படும் சலைன் பாட்டில் ஒன்றை, ஈறை விலக்கும் எலிவேட்டர் கருவியால் குத்தித் திறந்திருக்கிறார்கள். திறந்த வாயைப் பஞ்சால் லேசாக அடைத்து வைத்து, அதே பாட்டிலை அடுத்தவருக்கும் அதற்கடுத்தவருக்கும் எடுத்திருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த அந்தப் பாட்டிலிலிருந்தே கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. சில பத்து ரூபாய் பெறும் உப்புநீர்ப் பாட்டில் அது. எத்தனை மருத்துவமனைகளில் இதே பழக்கம் இன்றும் கேள்வியில்லாமல் நடந்துகொண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாதி பாட்டில் மிச்சமிருக்கிறதே, அதைக் கொட்டுவதா என்ற சிக்கன மனம் நம் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் அது நல்ல குணம். சிகிச்சை நாற்காலியின் பக்கத்தில் அது ஆளைக் கொல்லும் குணம்.

கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலை. அது தரும் நோய் மெலியாய்டோசிஸ். ஏதோ வெளிநாட்டு நோய் என்று நினைத்துவிட வேண்டாம். 1911-ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இதை முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். நம்மவர் பெயரை ஒத்த ஒரு பெயர் இந்த நோயின் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஈர மண்ணிலும் நெல் வயலிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி அது. மழைக்காலத்தில் காலில் உள்ள வெடிப்பு வழியாக ஏறும். சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டம் நம்முடையது. மழை பெய்தால் தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே சேறு, உள்ளே சிமெண்டுத் தரை. அந்தச் சேற்றில் மிதித்து வந்த காலோடுதான் நாம் மருத்துவமனைக்குள்ளும் நுழைகிறோம். ஆகவே வாணியம்பாடி மண்ணுக்கு மட்டும் உரிய சாபம் இது என்று யாரும் ஆறுதல் கொள்ள இடமில்லை.

இது தமிழ்நாட்டின் அலட்சியம், வெளிநாட்டில் இப்படி நடக்காது என்று சிலர் சொல்வார்கள். நடந்திருக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரில், முறையான உரிமம் பெற்ற ஒரு வாய் அறுவை மருத்துவரின் நோயாளிகள் சுமார் 7,000 பேரை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. அங்கே கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இருந்தது. ஆனால் அது வேலை செய்கிறதா என்று பல ஆண்டுகளாக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குக் கல்லீரல் அழற்சி சி வைரஸ் பல் சிகிச்சையில் பரவியது என்று அந்த நாட்டில் முதன்முதலாக உறுதியானது அங்கேதான். 2016-ல் கலிபோர்னியாவின் அனஹைமில், பால் பல்லுக்கு வேர்க்கூழ் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகள் சுமார் எழுபது பேருக்குத் தாடை எலும்புவரை போகும் தொற்று வந்தது. காரணம், நாற்காலியோடு இணைந்த மெல்லிய தண்ணீர்க் குழாயில் படிந்திருந்த கிருமிப் பாசி. பணக்கார நாடு, கடுமையான சட்டம், படித்த மருத்துவர், பளபளக்கும் அறை. எல்லாம் இருந்தும் நடந்தது. அப்படியானால் குறை எங்கே?

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 1948-லிருந்து பல் மருத்துவர்கள் சட்டம். 2023-ல் அதற்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சிறிய மருத்துவமனையும் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2018 விதிகளும் சொல்கின்றன. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும். 2016-ன் மருத்துவக் கழிவு விதிகளின்படி, பிடுங்கிய பல்லும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் சிவப்பில், ஊசி குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில் போக வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. இத்தனை சான்றிதழ்களும் சட்டமிட்டுச் சுவரில் தொங்கலாம். ஆனால் அந்தச் சுவர்ச் சான்றிதழ் ஒன்றாவது, நேற்று மாலை ஐந்தரை மணிக்கு எழுந்து போனவருக்கும் ஐந்து நாற்பதுக்கு வந்து அமர்ந்தவருக்கும் நடுவே அந்த நாற்காலியில் என்ன நடந்தது என்று சொல்லுமா?

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒருவர் எழுந்து இன்னொருவர் அமர்வதற்கு நடுவே உள்ள அந்தப் பத்து நிமிடம்தான் நோயாளியின் பாதுகாப்பு. அவ்வப்போது புதுப்பிக்கும் காகிதம் அந்தப் பத்து நிமிடத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மருத்துவரின் பட்டத்தைப் பார்க்கிறோம், கட்டிடத்தைப் பார்க்கிறோம், கட்டணத்தைப் பார்க்கிறோம். அந்த இடைவெளியை மட்டும் பார்ப்பதில்லை. விதியும் ஆய்வும் நோயாளியின் கேள்வியும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

அந்த இடைவெளியில் என்ன நடக்க வேண்டும்? ரகசியமோ மந்திரமோ ஒன்றும் இல்லை. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் எர்ல் ஸ்பால்டிங் 1968-ல் தெளிவாக வகுத்துச் சொன்னதுதான். சதையையும் எலும்பையும் ஊடுருவும் கருவி முழுமையாகக் கிருமி நீக்கப்பட வேண்டும். ஈறையும் நாக்கையும் தொடுவதற்கு அதற்கு அடுத்த நிலை. தோலை மட்டும் தொடுவதற்குச் சாதாரணச் சுத்தம் போதும். பல் எடுக்கும் குறடு முதல் வகை. பல்லைக் குடையச் சுழலும் ஹேண்ட்பீஸ் வாய்க்குள் இருக்கும் எச்சிலையும் ரத்தத்தையும் தன் உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடியது. வெளியே ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் உள்ளே இருப்பது போகாது, அதையும் வெப்பத்தில்தான் வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. சில கிருமிகளின் வித்துக்கள் அதில் சாகாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில், உறையிட்ட கருவிகளை அரை மணி நேரம் வைத்தால் நம்பலாம். நீல வெளிச்சம் அடிக்கும் யூவி பெட்டியைக் கண்டு பலர் மயங்குகிறார்கள். அது சுத்தமானதைச் சுத்தமாக வைத்திருக்க உதவும் அலமாரி. அசுத்தத்தை அது சுத்தமாக்காது. ஒவ்வொருவருக்கும் இடையே தண்ணீர்க் குழாயை இருபது முப்பது விநாடி ஓடவிட வேண்டும். சதையைத் திறக்கும் சிகிச்சைக்கு அந்தக் குழாய் நீரே ஆகாது. கிருமி நீக்கிய சலைன் வேண்டும், அதுவும் ஒருவருக்குத் திறந்தது இன்னொருவருக்குப் போகக் கூடாது. காய்ந்த ரத்தத்துளியில் கல்லீரல் அழற்சி பி வைரஸ் ஏழு நாள்வரை உயிரோடு இருக்கும். துடைக்காத விளக்குப் பிடியும் நாற்காலிப் பொத்தானும் அதற்குப் போதுமான இடம்.

இதையெல்லாம் இந்த அவைக்கு விளக்குவது எனக்குக் கடினமாக இல்லை, தோழர்களே. ஏனென்றால் இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒழுங்கு கையோடு கலந்தது. காருக்கும் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போகும் ஒவ்வொரு பாகமும் இந்தத் தொழில் வழித்தடத்தில் எண்ணோடுதான் பிறக்கிறது. எந்த பேட்ச், எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்று கேட்டால் பதில் இருக்கிறது. போல்ட்டை முறுக்கும் டார்க் ரெஞ்சில் கேலிபரேஷன் ஸ்டிக்கர் தேதி முடிந்திருந்தால் லைனில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஒரு பாகத்தில் பிழை என்றால் அது போன வண்டிகளையெல்லாம் திரும்ப அழைக்க முடிகிறது. பிரேக் குழாய்க்கு நாம் தரும் இந்த மரியாதையை, நம் தொழிலாளியின் தாடைக்குள் போகும் ஊசிக்கும் குறடுக்கும் தரக் கூடாதா? ஆட்டோகிளேவுக்கும் கேலிபரேஷன் உண்டு. வெப்பத்தைத் தாங்கும் வித்துக்கள் அடங்கிய சிறு குப்பியை உள்ளே வைத்து இயக்கி, பிறகு அந்த வித்து முளைக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. வாரம் ஒருமுறை செய்ய வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. வித்து செத்தால் மெஷின் வேலை செய்கிறது. முளைத்தால் அந்த வாரம் பயன்படுத்திய எல்லாக் கருவியும் சந்தேகத்துக்குரியது. டல்சாவில் யாரும் செய்யாமல் விட்ட சோதனை இதுதான்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளை நான் ஒதுக்கிவிட்டுப் போக விரும்பவில்லை. முதல் மறுப்பு செலவைப் பற்றியது, நேர்மையான மறுப்பு. சின்ன ஊரில் ஒரு நாற்காலி வைத்து, வாடகையும் வங்கிக் கடனும் கட்டி, நூறு இருநூறு ரூபாய்க்குப் பல் எடுத்துக் கொடுக்கும் இளம் மருத்துவர் எழுந்து கேட்பார்: கருவிகள் பத்து செட் வாங்கு என்கிறீர்கள், உறை வாங்கு என்கிறீர்கள், வாராவாரம் சோதனை என்கிறீர்கள், கட்டணத்தை ஏற்றினால் நோயாளி என்னை விட்டுப் பட்டமில்லாத ஆளிடம் போய்விடுவார், அப்போது பாதுகாப்பு கூடுமா, குறையுமா? கேள்வி சரியானது. ஆனால் எந்தச் செலவு எதற்கு என்று பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். வாணியம்பாடியில் உயிர்களைக் காப்பாற்றியிருக்கக் கூடிய பொருள் புதிதாகத் திறந்த ஒரு சலைன் பாட்டில். சிறிய அளவில் அடைத்து வருவதும் உண்டு. குழாயை ஓடவிடுவதற்கும் கை கழுவுவதற்கும் பஞ்சால் அடைக்காமல் இருப்பதற்கும் பணம் தேவையில்லை. பணம் தேவைப்படுவது கூடுதல் கருவிகளுக்கும் நல்ல ஆட்டோகிளேவுக்கும். அதற்கு வழி இருக்கிறது. மருத்துவக் கழிவை ஒவ்வொரு மருத்துவமனையும் தானே எரிப்பதில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வந்து எடுத்துப் போகிறது. அதே போல ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தின் சிறு மருத்துவமனைகளுக்குப் பொதுவான ஒரு கிருமிநீக்க நிலையம் ஏன் இருக்கக் கூடாது? பல் மருத்துவர் சங்கமும் இங்குள்ள பெரிய தொழிற்சாலைகளும் மாவட்ட நிர்வாகமும் மனம் வைத்தால் நடக்கக் கூடிய காரியம். சிறு மருத்துவரை மூட வைப்பது என் நோக்கமில்லை. அவர் இல்லாவிட்டால் இங்குள்ள தொழிலாளிக்குப் பக்கத்தில் வைத்தியமே இல்லை.

இரண்டாவது மறுப்பு: உண்மையான ஆபத்து போலி மருத்துவர்கள்தான், பட்டம் பெற்றவர்களை ஏன் தொல்லை செய்கிறீர்கள்? போலிகளைப் பிடிக்க வேண்டும், அதில் இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் டல்சாவில் இருந்தவர் போலியில்லை. அனஹைமில் இருந்ததும் போலி மருத்துவமனையில்லை. பட்டம் இருப்பது பல்லைச் சரியாக எடுக்கத் தெரியும் என்பதற்குச் சாட்சி. இன்று பிற்பகல் மூன்றாவது நோயாளிக்கு எடுத்த கருவி ஆட்டோகிளேவின் எந்த ஈட்டிலிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. அந்தக் கருவியைக் கழுவுகிறவர் பெரும்பாலும் மருத்துவரே இல்லை. மாதம் சில ஆயிரம் சம்பளத்தில், முறையான பயிற்சி எதுவும் கொடுக்கப்படாத ஓர் உதவியாளர், பெரும்பாலும் இளம் பெண். மொத்தப் பாதுகாப்பும் அவர் கையில் இருக்கிறது. அவருக்குக் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டால் பல இடங்களில் பதில் வராது. நோயாளியைக் காப்பது என்று பேசும்போது முதலில் காக்கப்பட வேண்டியவர் அவர். அவருக்குப் பயிற்சியும் தடுப்பூசியும், வேண்டாம் டாக்டர், இந்தப் பாட்டில் திறந்து வைத்தது என்று சொல்லும் தைரியமும் வேண்டும். அந்தத் தைரியத்தைக் கொடுக்க வேண்டியவர் மருத்துவர்.

மூன்றாவது மறுப்பை உங்களில் பலர் மனதுக்குள் ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள். பதிவேடு போடச் சொன்னால் போடுவார்கள் ஐயா, ஆடிட்டுக்கு முந்தின நாள் ஒரே பேனாவில் ஒரு மாதத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவார்கள் என்று. உண்மைதான். எழுதும் பதிவு பொய் சொல்லும். அதனால்தான் கையால் எழுத முடியாத பதிவைக் கேட்க வேண்டும் என்கிறேன். ஆட்டோகிளேவ் உறையில் வெப்பத்துக்கு நிறம் மாறும் கோடு இருக்கிறது. அந்தத் துண்டைத் தேதியோடு நோயாளியின் சீட்டிலேயே ஒட்டலாம். வித்துச் சோதனையின் முடிவு வெளியிலுள்ள ஆய்வகத்திலிருந்து அதன் தாளில் வரட்டும். உறையை நோயாளியின் கண்ணெதிரே பிரிக்கட்டும். இதற்கு மேல் ஒரு காவல் உண்டு, அது நோயாளியின் கேள்வி. டாக்டரைக் கேள்வி கேட்டால் அவமரியாதை ஆகாதா என்று நம் பெரியவர்கள் தயங்குவார்கள். ஆகாது. பணம் கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியால் புண்பட மாட்டார். டாக்டர், இந்த உறையை என் முன்னால் பிரிப்பீர்களா என்று பணிவாகக் கேட்டால் போதும். ஒடிசாவிலிருந்து வந்த தம்பிக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்தில் உள்ளவர் அவருக்காகக் கேளுங்கள்.

இலவச முகாம்களைப் பற்றியும் ஒரு சொல். நல்ல மனத்தோடுதான் நடத்துகிறோம். ஆனால் கல்யாண மண்டபத்தில் இருநூறு பேர் வரிசையில் நிற்க, வாய்க்குள் விடும் கண்ணாடி முப்பது இருந்தால் என்ன ஆகும்? ஒரு தட்டில் மருந்துக் கரைசல், அதில் நனைத்து எடுத்து அடுத்த வாய். முழுக் கிருமிநீக்கம் ஆக வேண்டுமானால் அந்தக் கரைசலில் கருவி மணிக்கணக்கில் ஊற வேண்டும். நனைத்து எடுப்பதால் எல்லாக் கிருமியும் சாகாது. முகாம் நடத்தும் நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எத்தனை வாயோ அத்தனை கண்ணாடி. அதற்கு வழியில்லை என்றால் வரிசையை முப்பதோடு நிறுத்துங்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இந்த மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். வாணியம்பாடி எப்படி வெளியே வந்தது? பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். பக்கத்தில் வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனை. ஒரே மாதிரி நோயாளிகள் அடுத்தடுத்து அங்கே வந்து சேர்ந்ததால், அங்குள்ள மருத்துவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க முடிந்தது, எல்லாப் பதிலும் ஒரே நாற்காலியில் போய் முடிந்தது. இதே இங்கே, நம் வல்லக்கோட்டையில் நடந்தால்? இங்கே பல் எடுத்துக்கொண்டவர் பிஹார்க்காரர், ஒடிசாக்காரர், ஜார்க்கண்டுக்காரர், தென்காசிக்காரர். ஒப்பந்தம் முடிந்ததும் ரயிலேறிவிடுவார். காய்ச்சல் வந்தால் சொந்த ஊருக்குத்தான் போவார். பத்துப் பேர் நோயுற்றால் பத்து மாவட்டத்தில் பத்து மருத்துவமனையில் கிடப்பார்கள். ஒருவரின் நோயை இன்னொருவரின் நோயோடு சேர்த்துப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். எட்டுப் பேர் இறந்தாலும் எட்டும் தனித்தனி மரணம்தான், எங்கோ ஒரு கிராமத்தில் காரணம் தெரியாமல் எழுதப்பட்ட மரணம். இந்த வழித்தடத்தில் இதுவரை இப்படி எதுவும் வெளிவரவில்லை என்று யாராவது சொன்னால், வெளிவருவதற்கு வழியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே பல் மருத்துவமனையில் நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் நான்கு விவரங்கள் இருந்தாக வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். சொந்த மாவட்டம், அங்கே பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண், பயன்படுத்திய கருவி எந்தத் தேதி எந்த ஈட்டில் ஆட்டோகிளேவிலிருந்து வந்தது, செலுத்திய மருந்தும் சலைனும் எந்த பேட்ச். அதே விவரத்தின் நகல் நோயாளியின் கையிலும் போக வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில். ஒரு துண்டுச் சீட்டுதான். பாலசோரிலோ பாகல்பூரிலோ காய்ச்சலோடு கிடக்கும் ஒருவரின் சட்டைப் பையிலிருந்து அங்குள்ள மருத்துவர் அந்தச் சீட்டை எடுத்துப் படித்தால், காஞ்சிபுரம் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஒரு போன் வரும். அந்த போன் வந்தால் மற்ற ஒன்பது பேரையும் தேடிப் பிடிக்கலாம். மருத்துவர்கள் நாளையிலிருந்தே தொடங்கலாம், இதற்கு அரசாணை தேவையில்லை. அரசாணையும் வர வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது இங்கே கூடியிருக்கும் தொழிற்சங்கங்களின் வேலை.